மார்கழியில் இரண்டு நாள் சென்னை வந்தால் சிலை, ஓவியம், கச்சேரி எல்லாம் பார்க்க முடியுமா?

முடியும், கிழமை பார்த்து வாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை; தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

எழும்பூரில் முதலில் வெண்கலச் சிலைக்கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். சிவன் பாதிக்கு இரண்டு கை, உமை பாதிக்கு ஒன்றே ஒன்று. இடுப்பு வளைவும் அவள் பக்கம் தனியாகத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத சிலை அது.

மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலை: ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களே 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், அதைத் தாண்டி தட்சிணசித்ரா.

மாலைக் கச்சேரிகளில் பெரிய வித்வான்களுக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரி இலவசம். இளம் பாடகர்களை முன்வரிசையிலேயே உட்கார்ந்து கேட்கலாம். தாள வாத்தியக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மட்டும் எழுந்து போகாதீர்கள். மிருதங்கக்காரருக்கென்று கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.