கேமரா போடும் ‘கவனம்’ மார்க்கை நம்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் நீட் கோச்சிங் படிக்கிறாள். அந்த ஆப் கேமராவில் முகத்தைப் பார்த்து, ‘கவனம் 40 சதவீதம், சலிப்பு அதிகம்’ என்று வாராவாரம் ரிப்போர்ட் அனுப்புகிறது. அவளோ நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். எதை நம்புவது?
– ஒரு தாய், கருங்கல்

பதில்: நோட்டை நம்புங்கள்.

இத்தகைய ஆப்கள் பொதுவாகப் புருவம், இமை, உதட்டோரம் எப்படி அசைகின்றன என்று பார்க்கும். ஏற்கெனவே ‘சலிப்பு’, ‘குழப்பம்’ என்று பெயர் ஒட்டிய வீடியோத் துண்டுகளிலிருந்து கற்றதை வைத்து ஒரு பெயரை ஊகிக்கும். உதாரணமாக, ஐஐடி ஹைதராபாத் குழு 2016-இல் வெளியிட்ட ‘டெய்சி’ என்ற வீடியோத் தொகுப்பில் 112 பேரின் 9,068 துண்டுகள் உள்ளன. அவற்றுக்குப் பெயர் ஒட்டியவர்கள் முகத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். மனசுக்குள் என்ன ஓடியது என்பது அதில் இல்லை.

உங்கள் மகள் குனிந்து நோட்டில் எழுதும்போது கேமராவுக்குத் தெரிவது உச்சந்தலைதான். கண் தெரியாவிட்டால் ‘கவனம் இல்லை’ என்று கணக்கு வைத்துவிடலாம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். நம்மூர் மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வர்ட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஒரு வாரம் மேஜை விளக்கை அவள் முகத்துக்கு எதிரே வைத்து, போனைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். படிப்பு மாறாமல் மார்க் மட்டும் ஏறினால், அது எதை அளக்கிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

இன்னொன்று. பிசிக்ஸ் கணக்கில் சிக்கி நெற்றியைச் சுருக்கினால் அது கெட்ட செய்தி இல்லை. குழம்பி, பிறகு தெளிந்தால் பாடம் நன்றாகவே பதியும். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழுவினரின் 2019 ஆய்வுத் தொகுப்பின்படி, கோபத்தில் புருவம் நெரிப்பதே சராசரியாக 30 சதவீத நேரம்தான். முகத்தைப் பார்த்து உணர்வைச் சொல்லும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2022-இல் கைவிடுவதாக அறிவித்தது. கல்வி நிலையங்களில் இதற்கு ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது.

அதே ஆப்பில் உருப்படியான தகவலும் இருக்கலாம். எந்த நிமிடத்தை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், எந்தக் கேள்வியில் அதிக நேரம் நின்றாள் என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த இடத்தைப் பற்றி அவளிடமே பேசுங்கள். சலிப்பு என்று அவள் வாயால் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ரிப்போர்ட்டைக் காட்டித் திட்ட வேண்டாம்.

சரி, கோச்சிங்காரர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். வீடியோவைச் சேமிக்கிறார்களா, எத்தனை நாள், யார் பார்க்கிறார்கள், கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் இருக்கலாமா என்று கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும் என்பதே பொது விதி. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.