புல் துளிர்த்ததும் கொழுப்பு ஏன் இறங்கியது?

கேள்வி: மேய்ச்சலை நம்பி 14 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். எல்லாமே புல் துளிர்க்கும் பருவத்தை ஒட்டிக் கன்று ஈன்றவை. மேய விட்டதிலிருந்து ஒரு மாட்டின் பால் 10 லிட்டரிலிருந்து 14 ஆகிவிட்டது. ஆனால் கொழுப்பு 4.2 சதவீதத்திலிருந்து 3.4-க்கு இறங்கிவிட்டது. வெண்ணெய் மஞ்சளாகக் குழைகிறது. பால் வாங்குபவர் தண்ணீர் கலந்ததாகச் சொல்கிறார். தீவனக் கடைக்காரர் பைபாஸ் கொழுப்பு மாவு (முதல் இரைப்பையில் கரையாமல் தாண்டிப் போகும் கொழுப்பு) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு மாடு முன்பு நாளுக்கு ஏறத்தாழ 420 கிராம் கொழுப்பு தந்தது, இப்போது 476 கிராம் தருகிறது. இறங்கியது சதவீதம்தான். பால் உச்சத்தில் இருக்கும்போது அது கொஞ்சம் தாழ்வது இயல்பு.

ஆனாலும் 3.4 எனக்குப் பிடிக்கவில்லை. மாடுகள் படுத்திருக்கும்போது போய்ப் பாருங்கள், பாதி மாடுகளாவது அசை போட வேண்டும். போடாமல், சாணியும் கூழாக விழுந்தால் நார் போதவில்லை. நார் இரைப்பையில் நொதித்து வரும் அசிட்டேட் என்ற அமிலம்தான் பால்கொழுப்புக்கு மூலப்பொருள், இளம்புல்லில் அது குறைவாகவே கிடைக்கும். முதல் இரைப்பையும் புளித்துவிட்டால், மடியில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் ஒரு கொழுப்பு அமிலம் அங்கே உண்டாகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: காலையில் மேய விடுவதற்கு முன் உலர்தீவனம். மாட்டுக்கு 2 கிலோ காய்ந்த புல்லோ வைக்கோலோ போதும். மேய்ந்து வந்த பிறகு போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், பசியோடு இருக்கும்போதுதான் தின்னும். இயந்திரத்தில் பொடியாக நறுக்காதீர்கள். பொடித்த வைக்கோல் அசை போட வைக்காது, வெறும் வயிற்றை நிரப்பும். ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மாவு போட்டால் எண் ஏறத்தான் செய்யும், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூட்டை தீர்ந்ததும் எண்ணும் இறங்கும். நார்க் குறையைக் காசு கொடுத்து மூடி மறைக்கிற வேலை அது.

தண்ணீர்ப் பழிக்குப் பதில், பாலின் அடர்த்தியை அளக்கும் லேக்டோமீட்டரிலேயே இருக்கிறது. தண்ணீர் கலந்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) சேர்ந்தே இறங்கும். கொழுப்பு மட்டும் இறங்கி எஸ்.என்.எஃப் நின்றால் தண்ணீர் இல்லை. அப்புறம், கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு மிக அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு மீதியை அளந்தால் எண் இறங்கத்தான் செய்யும்.

வெண்ணெய் மஞ்சள் ஆவது புல்லின் கரோட்டினால், குழைவது நிறைவுறாக் கொழுப்பு கூடுவதால். இரண்டும் குறையல்ல. கிரீமை நன்றாகக் குளிரவைத்து, வழக்கத்தைவிட 2-3 டிகிரி குறைவான வெப்பத்தில் கடையுங்கள். இல்லையென்றால் மோரோடு கொழுப்பு போய்விடும்.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது: எல்லாம் ஒரே சமயத்தில் ஈன்றால் எல்லாம் ஒரே சமயத்தில் வற்றும். கறவை முடியும் மாதங்களின் பாலில் உப்பு கூடும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறையும். பாலில் உள்ள நொதிகள் கேசின் என்ற பால் புரதத்தை உடைத்துவிடுவதால் சீஸ் செய்தால் தயிர்க்கட்டி இறுகாது. காய்ச்சும்போது திரியவும் செய்யும். பாலை உறைய வைக்கும் ரெனெட்டைக் கூட்டி ஊற்றினால் கசப்புதான் மிஞ்சும். ஆகவே ஐந்து மாடுகளுக்குச் சினை ஊசியை மூன்று, நான்கு மாதம் தள்ளிப் போடுங்கள். அவற்றின் புதுப் பாலை மற்றவற்றின் கடைசிப் பாலோடு கலந்துகொள்ளலாம்.