பிற மதங்களைப் படித்தால் ஈமான் (இறைநம்பிக்கை) ஆடிப்போகுமா?

கேள்வி: என் பத்து வயது மகன் மாலையில் மதரஸாவுக்குப் போகிறான். போன வாரம் பள்ளித் தோழனிடம் "உன் சாமி பொய்" என்று சொல்லிவிட்டான். அந்தப் பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனானாம். என்ன சொல்லிக் கண்டிப்பது என்று தெரியவில்லை. மற்ற மதங்களைப் பற்றியும் மதரஸாவில் சொல்லித் தரலாமே என்று கேட்டால், பிள்ளைகளின் ஈமான் ஆடிப்போய்விடும் என்கிறார்கள். அது சரியா?

பதில்: சகோதரி, கண்டிக்க வேண்டிய வார்த்தை குர்ஆனிலேயே இருக்கிறது. 6-வது அத்தியாயம், 108-வது வசனம்: அல்லாஹ்வை விட்டு அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்களும் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசுவார்கள். மகனை உட்காரவைத்து இதை ஓதச் சொல்லுங்கள், பொருளையும் சொல்லுங்கள், அப்புறம் அந்தத் தோழனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கொள்கையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, பேசிய விதத்துக்குத்தான் மன்னிப்பு என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

சரி, ஈமான் விஷயத்துக்கு வருவோம். நான் சில காலம் பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுத்தவன். ஒரு நாள், உங்களுக்குத் தெரிந்த வேற்று மதத்தவர் எதை நம்புகிறார் என்று நாலு வரி எழுதச் சொன்னேன். வந்த தாள்களில் முக்கால்வாசி "அவர்கள் தொழ மாட்டார்கள்", "அவர்கள் நபியை ஏற்க மாட்டார்கள்" என்றே இருந்தன. அவர்கள் என்ன செய்ய மாட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, என்ன செய்வார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. குறை அவர்களுடையது இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான், அன்றைக்கு எனக்கு ரொம்பவே உறைத்தது.

இத்தனைக்கும் பிற மதங்களைப் படிப்பது நம் மரபுக்குப் புதிதே இல்லை. 973-ல் பிறந்த முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் இந்திய மதங்களையும் அறிவியலையும் பற்றி அரபியில் பெரிய நூல் எழுதினார். இது வாதம் செய்து மறுக்கிற நூல் இல்லை, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எடுத்துவைக்கிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அப்படி எழுதியவர் கடைசிவரை முஸ்லிமாகத்தான் இருந்தார். வகுப்புக்கு நான் சொல்லும் அளவுகோலும் இதுதான்: அடுத்தவருடைய நம்பிக்கையை உங்கள் பிள்ளை விளக்கும்போது, அந்த மதத்துக்காரரே கேட்டு "ஆமாம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்" என்று தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகு, நாம் ஏன் வேறு மாதிரி நம்புகிறோம் என்று உஸ்தாத் (ஆசிரியர்) தாராளமாகச் சொல்லட்டும், கேள்வி கேட்கிற பிள்ளையை மட்டும் அதட்டி உட்காரவைக்க வேண்டாம். அதட்டினால் சந்தேகம் போகாது, கேட்பதற்கு அவன் வேறு ஆளைத் தேடிப் போவான், அவ்வளவுதான்.

புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸை மகனுக்குக் கதையாகச் சொல்லுங்கள். நபித்தோழர்கள் இருவர் இராக்கில் உள்ள காதிஸிய்யாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஜனாஸா (இறந்தவரின் உடல்) கடந்து போகிறது, இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இறந்தவர் முஸ்லிம் இல்லையே என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அதற்கு அந்த இருவரும், நபி (ஸல்) முன்னால் ஒரு ஜனாஸா போனபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள், அது யூதருடையது என்று சொன்னதும் "அதுவும் ஓர் உயிர் இல்லையா?" என்று கேட்டார்கள் என்றார்களாம். இதில் என்னை உருக்குவது அந்த இரு தோழர்கள்தான். நபி மறைந்த பிறகு, வேறு ஊரில், யாரும் சொல்லாமலே கால்கள் தானாக எழுகின்றன. பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டிய பயிற்சி இந்த அளவுக்கு உள்ளே இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேள்வி: எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

பதில்: தீராது. அது உண்மையும் இல்லை, எந்த மதத்துக்காரரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு" என்று 109-வது அத்தியாயம் வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது. உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60:8-ம் அதே குர்ஆனில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே பாடத்தில், ஒரே நாளில் சொல்லிக் கொடுங்கள்.