சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை கம்ப்யூட்டர்: லினக்ஸுக்கு மாறலாமா?

பட்டறையின் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு வைத்திருக்கும் வரைக்கும் மாற வேண்டாம். அதன் இப்போதைய பதிப்பான டாலி பிரைம் விண்டோஸுக்காக எழுதியது. லினக்ஸில் வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஜிஎஸ்டி கடைசி நாளில் அது மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஆப்பிளின் மேக் மினி கம்ப்யூட்டரிலும் இதே கதைதான், செலவு மட்டும் கூட.

நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், ஆன் பண்ணிவிட்டு டீக்கடை போய்வரலாம் என்கிறீர்கள். பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம்.

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில், எதையும் திறக்காமலே 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நிற்கிறதா?

2. நின்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி (அதே இணைப்பில் மாட்டும் வேகமான சேமிப்பகம்) போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். அதற்கு முன் டாலி டேட்டாவை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் தூசி ஃபேனில் அப்பியிருக்கும், அதையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், உங்களுடையது தேறாது. பேங்க் வேலையை இதில் செய்யாதீர்கள். லினக்ஸ் ஆசை விடவில்லையென்றால், லினக்ஸின் ஒரு வகையான மின்ட்டை பென் டிரைவிலிருந்தே, இன்ஸ்டால் பண்ணாமல் ஓட்டி, பில் பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.