காட்டு ஆர்க்கிட் எங்கே வாழும்? வாழிட வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வாழிட வரைபடம் என்கிறீர்களே, அதை எப்படிப் போடுகிறீர்கள்? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஒரு ஆர்க்கிட் இதுவரை எங்கெல்லாம் பார்க்கப்பட்டதோ அந்த இடங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே மழை எவ்வளவு, கோடையில் சூடு எவ்வளவு, என்ன உயரம், மரநிழல் உண்டா என்று பார்ப்போம். அதே நிலைமை வேறு எங்கே இருக்கிறது என்று கணினி தேடித் தரும். மேக்ஸென்ட் என்ற மென்பொருளை இதற்கு அதிகம் பயன்படுத்துகிறார்கள். செடி இருந்த இடங்கள் மட்டும் தெரிந்தாலே அதற்குப் போதும். ஆர்க்கிட்டுக்கு இது பெரிய வசதி. ஏனென்றால் 'இங்கே இல்லை' என்று அடித்துச் சொல்வது கஷ்டம். தரையில் வளரும் சில இனங்கள் ஒரு வருடம் முழுக்க இலைகூட விடாமல் மண்ணுக்குள் கிடக்கும்.

கேள்வி: நான் முதுகலை மாணவி, ஐயா. என் இனத்துக்கு 9 இடங்கள்தான் கிடைத்திருக்கின்றன. இதை வைத்து வரைபடம் போடலாமா?

போடலாம் அம்மா. ஆனால் முதலில் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழைய ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் இடம்) தாளில் 'ஓடைக்கு மேற்கே காட்டில்' என்று மட்டும் எழுதியிருக்கும். பின்னால் யாரோ அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை போட்டிருப்பார்கள். அது பத்து கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் எடுத்த புள்ளி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அங்கே மறைத்து, 0.2 டிகிரி கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாகத்தான் காட்டுவார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தக் கட்டத்தின் ஒரு பக்கமே 22 கிலோமீட்டர் வரும். அதை உண்மையான இடம் என்று நம்பிச் செய்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

அப்புறம், வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத் தொகுப்பு தரும் 19 காலநிலை மாறிகளையும் (மழை, வெப்பம் போன்ற அளவுகள்) அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். பாதிக்கு மேல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒன்பது புள்ளிக்கு இரண்டு மூன்று மாறிகள் போதும். அவை இந்தச் செடிக்கு ஏன் முக்கியம் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சோதிக்க ஒரு வழி: ஒரு புள்ளியை எடுத்துவிட்டு மற்ற எட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள், விட்ட இடம் வரைபடத்தில் வருகிறதா என்று. ஒன்பது முறையும் செய்யுங்கள்.

கேள்வி: என் மாதிரிக்கு ஏயூசி, அதாவது செடி இருக்கும் இடங்களை எவ்வளவு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், 1க்கு 0.95 வந்திருக்கிறது. நல்லதுதானே?

எனக்குச் சந்தேகம்தான் வரும். பின்னணிப் பரப்பை, அதாவது ஒப்பிடுவதற்கு எடுக்கும் பரப்பை, பெரிதாக எடுத்தால் அந்த எண் தானாக ஏறும். மழைக்காட்டுச் செடியைப் பாலைவனத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியுமே! அந்த இனத்தின் விதை போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய பரப்பை மட்டும் எடுத்து மறுபடி போடுங்கள்.

கேள்வி: வரைபடத்தை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் போட்டால் ஆர்க்கிட்டுக்குப் போதுமா?

எந்த மலைப்பகுதி என்று பார்க்க போதும். எந்த மரம் என்று பார்க்க போதாது. ஓடைக்குள் இறங்கும் ஒரு சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பக்கம் சாய்ந்த கிளையில் பாசி மெத்தையாகப் படர்ந்திருக்கும், அதில் ஆர்க்கிட் வேர்கள் நனைந்து பச்சையாகத் தெரியும். முப்பது அடி மேலே ஏறினால் பட்டை காய்ந்து கிடக்கும், ஒரு செடி இருக்காது. இரண்டுமே வரைபடத்தில் ஒரே கட்டம்தான். 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கும் நில உயரத் தரவிலிருந்து சரிவு, சரிவின் திசை, ஓடையிலிருந்து தூரம் மூன்றையும் கணக்கிட்டுச் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம்.

கேள்வி: வரைபடத்தில் செடிக்கு ஏற்றது என்று சிவப்பாக வந்த இடத்தில் கன்று நட்டுவிடலாமா?

தயவுசெய்து உடனே நடாதீர்கள். காலநிலை சரி, ஆனால் பூஞ்சை இருக்கிறதா? ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிட்டத்தட்ட கிடையாது. காட்டில் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார்ட் 1899லேயே இதைக் கண்டுபிடித்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கடியிலேயே பூக்கும் ரைசாந்தெல்லா கார்ட்னரியைப் பாருங்கள். அதற்குக் குறிப்பிட்ட பூஞ்சை வேண்டும், அந்தப் பூஞ்சைக்கு ஒரு மெலலூக்கா புதரின் வேர் வேண்டும். மழையளவு மட்டும் சொல்லும் வரைபடத்தில் இந்தப் புதர் தெரியவே தெரியாது.

அதனால் முதலில் விதையை மெல்லிய நைலான் வலையில் வைத்து, சட்டத்தில் மடித்து, அந்த இடத்து மண்ணில் புதைத்துவிட்டு வாருங்கள். சில மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், விதை உப்பி வெள்ளை உருண்டையாக மாறியிருந்தால் பூஞ்சை இருக்கிறது. மகரந்தம் சுமக்கும் பூச்சியையும் தேடுங்கள். அது இல்லாத இடத்தில் நட்ட செடி பூக்கும், பெரும்பாலும் காய்க்காது.

கேள்வி: 2070க்கான வரைபடமும் போடச் சொல்கிறார்கள்.

போடுங்கள், ஆனால் எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் ஒரே ஒரு மாதிரியை மட்டும் நம்ப வேண்டாம். இன்று எங்கும் இல்லாத சூடு வரப்போகும் பகுதிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். அங்கே கணினி சொல்வது வெறும் ஊகம்.

கேள்வி: முடிந்த வரைபடத்தைப் பொதுவில் வெளியிடலாமா?

கரடுமுரடான கட்டமாக வெளியிடுங்கள். துல்லியமான புள்ளிகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற ஆர்க்கிட்டுக்கு 1999ல்தான் பெயரே வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் வியாபாரத்துக்காகக் காட்டில் கண்ட செடியையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மறுபக்கம், பிரிட்டனில் அழிந்தேவிட்டது என்று நினைத்த சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்ற ஆர்க்கிட் 1930ல் ஒரே ஒரு செடியாகக் கிடைத்தது. அந்த இடத்தைப் பல பத்தாண்டுகள் ரகசியமாக வைத்துக் காத்தார்கள். உங்கள் ஒன்பது புள்ளிகளையும் வனத்துறைக்கும் உங்கள் வழிகாட்டிக்கும் மட்டும் கொடுங்கள். போனில் எடுத்த படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடத்தையும் நீக்கிவிட்டுப் பகிருங்கள்.