டிஎன்ஏ சான்றிதழை நம்பிக் கிளிக்குஞ்சு வாங்கலாமா?

கேள்வி: 5 வார சன் கொன்யூர் குஞ்சுக்கு முன்பணம் கேட்கிறார்கள். டிஎன்ஏ சான்றிதழும் 7 நாள் கேரண்டியும் தருகிறார்களாம். போன மாதம் அதே இடத்தில் இரண்டு குஞ்சுகள் தோலுக்கடியில் ரத்தம் கட்டி, ஒரே நாளில் இறந்தன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டிஎன்ஏ சான்றிதழ் ஆணா பெண்ணா என்று மட்டும்தான் சொல்லும். நோயைப் பற்றி அதில் எதுவும் இருக்காது.

நீங்கள் சொல்லும் சாவுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பாலிஓமா வைரஸ். நன்றாக வளர்ந்த குஞ்சுதான், திடீரென்று தீனிப்பை காலியாகாமல் நிற்கும். கல்லீரல் சிதையும், உடலுக்குள்ளும் தோலுக்கடியிலும் ரத்தம் கசியும். இறகு பிடுங்கிய இடத்தில்கூட ரத்தம் நிற்காது. ஓரிரு நாளில் முடிந்துவிடும். இதற்கென்று மருந்து கிடையாது. தொற்றிய பின் அறிகுறி தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதால் 7 நாள் கேரண்டியால் பயனில்லை.

வளர்ந்த பறவைகள், முக்கியமாக பட்ஜிகள் என்ற சின்னக் கிளிகள், எந்த அறிகுறியும் இல்லாமல் எச்சத்திலும் இறகுத்தூளிலும் வைரஸைப் பரப்பும். பட்ஜி கூண்டு இருக்கும் அறையிலேயே குஞ்சுக்கு ஹேண்ட் ஃபீடிங் (கையால் தீனி ஊட்டுவது) நடந்தால் அங்கே வாங்கவே வாங்காதீர்கள். தானாகத் தின்னப் பழகிய, 10 வாரம் தாண்டிய பறவையாகக் கேளுங்கள். ரத்தத்திலும் எச்சத்துவார ஸ்வாபிலும் செய்த பாலிஓமா பிசிஆர் முடிவு வேண்டும். அதில் உள்ள எண்ணும் கால்வளைய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் 45 நாளாவது தனி அறை.

பழைய கூண்டு என்றால் எச்சத்தைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு, 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அழுக்கோடு ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. அதன் நெடி கிளியின் நுரையீரலுக்கு ஆகாது. பறவையை வேறு அறையில் வையுங்கள். மரப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

குஞ்சு இறந்தால் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசு கெட்டுவிடும். ஐஸ் பையோடு அன்றே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: 18 வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி கம்பியிலிருந்து விழுகிறது. ரத்தக்குழாய் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். இதுவும் வைரஸா? ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும் டானிக் வாங்கலாமா?

பதில்: இது பெரும்பாலும் கொழுப்புப் படிவு, வயதான சாம்பல் கிளிகளுக்கும் அமேசான் கிளிகளுக்கும் அதிகம் வரும். படிந்ததைக் கரைக்கும் டானிக் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் பெல்லட்டும் (சத்துகள் கலந்த உருண்டைத் தீனி) கிராம் தராசும் வாங்குங்கள். சூரியகாந்தி விதையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து பெல்லட்டுக்கு மாற்றுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். 10 சதவீதம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.