கட்டைவிரல் டெஸ்ட்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ரீபூட் ஆகப்போற (அதாவது புது ஆளுங்களோட முதல்ல இருந்து எடுக்கப்போற) சூப்பர் ஹீரோ படங்களுக்கு நீங்களே ஆள் பிடிங்க"ன்னு கடைசி மூலையில ஒரு வரி போட்டேன், அது என் தப்பு தான், ரெண்டு வாரமா மேசையில லெட்டர் குவிஞ்சு கிடக்கு. கையில சிக்கினதுக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

புது பேட்மேனுக்கு ஆலன் ரிச்சனா, ஜென்சன் ஆக்கிள்ஸா? வீட்ல எனக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. (சேலம் வாசகர்)

நீங்க கேக்குறது 2023 ஜனவரியில டிசி பட ஸ்டுடியோ தலைவர் ஜேம்ஸ் கன் அறிவிச்ச பேட்மேன் படம் 'த பிரேவ் அண்ட் த போல்ட்'. அதுல புரூஸ் வேனோட (முகமூடி இல்லாத பேட்மேன்) சொந்தப் பையன் டேமியன் தான் கூட்டாளி ராபின், அதனால வர்ற ஆளு ஒரு வாலுப் பையனுக்கு அப்பா மாதிரி தெரியணும். சரி, நான் ஒரு டெஸ்ட் வச்சிருக்கேன். போன்ல அந்த நடிகரோட போட்டோவை எடுங்க, நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் கட்டைவிரலால மறைங்க. மிச்சம் என்ன இருக்கு? வாயும் தாடையும். முகமூடி போட்டப்புறம் பேட்மேனுக்கு நடிக்கக் கிடைக்கிற இடம் அவ்ளோதாங்க, கூட ரெண்டு கண்ணு, அதையும் சுத்தி கறுப்பு மை. மைக்கேல் கீட்டனை போட்டப்போ காமெடி நடிகரையா போடுறீங்கன்னு வார்னர் பிரதர்ஸுக்கு சுமார் 50,000 லெட்டர் போச்சுன்னு சொல்வாங்க, 1989ல படம் வந்துச்சு, அந்த மேலுதட்டு வளைவைப் பாத்ததும் ஜனம் கப்சிப்.

ரிச்சனுக்கு தாடை பாஸ், ஆனா அந்த உடம்பை எந்த கோட்டுக்குள்ள ஒளிச்சு வைப்பீங்க? புரூஸ் வேன் பார்ட்டிக்கு வந்தா "பாவம், வெட்டிப் பணக்காரன்"னு நாலு பேர் நினைக்கணும். இவர் வந்து நின்னா வாட்ச்மேனே சல்யூட் அடிப்பான். ஆக்கிள்ஸ் 2021லயே 'த லாங் ஹாலோவீன்' அனிமேஷன்ல பேட்மேனுக்கு குரல் கொடுத்துட்டாரு, குரலும் பாஸ். வயசு தான் உதைக்குது, 1978ல பிறந்தவரு, ஸ்டுடியோக்காரன் பத்து வருஷக் கணக்கு போட்டுத்தான் கையெழுத்தே வாங்குவான். இருந்தாலும் என் ஓட்டு ஆக்கிள்ஸுக்கு. தம்பிகிட்ட பேசிடுங்க.

வுல்வரின்னா ஹ்யூ ஜாக்மன் தான், வேற எவனையும் ஏத்துக்க மாட்டோம்! (தூத்துக்குடி வாசகர்)

அண்ணே, அந்த ஜாக்மனே முதல்ல எடுத்த ஆள் கிடையாது. டக்ரே ஸ்காட்டைத் தான் போட்டிருந்தாங்க, 'மிஷன் இம்பாசிபிள் 2' ஷூட்டிங் இழுத்துக்கிட்டே போச்சு, அவரால வர முடியல, இங்க எக்ஸ்-மென் ஷூட்டிங்கே ஆரம்பிச்சப்புறம் தான் ஜாக்மன் உள்ள வந்தாரு. காமிக்ஸ்ல வுல்வரின் 5 அடி 3 அங்குலம், இவரு 6 அடி 2. இன்னைக்கு இருக்கிற ரசிகர்கள் அன்னைக்கு இருந்திருந்தா அந்த ஒரு அடிக்காகவே ட்விட்டரைக் கொளுத்தியிருப்பாங்க. 2000ல ஆரம்பிச்சவரு 2024 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வரைக்கும் 24 வருஷம் ஓட்டிட்டாரு.

இந்த தடவையாவது குள்ளமான ஆளைப் போடுங்கப்பாங்கிறது தான் என் ஆசை. வுல்வரினோட கோவம் ஒரு குள்ளனோட கோவம், பார்ல பக்கத்துல உக்காந்தவன் "என்னடா சின்னப் பையா"ன்னு சீண்டிட்டு அப்புறம் கையில இருந்து நீளுற கத்தியைப் பாக்கணும், அந்த சீன் 6 அடி 2க்கு வேலைக்கே ஆகாது. டாரன் எகர்டன் பேரு ரொம்ப நாளா ஓடிட்டிருக்கு, எனக்கு ஓகே.

புது சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட் எப்படி? எனக்கு இன்னும் முந்தி நடிச்ச ஹென்றி கேவில் தான் சார் சூப்பர்மேன். (கோயம்புத்தூர் வாசகி)

கேவில் மாதிரி ஒரு உருவம் கிடைக்காது மேடம், அதை நான் மறுக்கல. ஆனா சூப்பர்மேனுக்கு கட்டைவிரல் டெஸ்ட் கிடையாது, கண்ணாடி டெஸ்ட். 1978 படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்க. காதலி லோயிஸ் வீட்ல அவ உள்ளறைக்குப் போயிட்டா, சூப்பர்மேனா நடிச்ச கிறிஸ்டோபர் ரீவ், கிளார்க்ங்கிற சாதாரண ஆள் வேஷத்துல தனியா நிக்கிறாரு, உண்மையைச் சொல்லிடலாம்னு கண்ணாடியைக் கழட்டுறாரு, தோள் விரியுது, முதுகு நிமிருது, குரல் இறங்குது, ஆளே ரெண்டு இஞ்ச் வளர்ந்த மாதிரி இருக்கும், அப்புறம் மனசு மாறி கண்ணாடியை மாட்டினதும் பழையபடி கூனிக்குறுகின கிளார்க். கட் கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது, வெறும் முதுகெலும்பு. கேவிலோட கிளார்க் கண்ணாடி போட்ட சூப்பர்மேனாவே எனக்குத் தெரிஞ்சாரு. 2025ல கோரன்ஸ்வெட் அந்த முதுகை ஓரளவு வளைச்சிருக்காரு, அதனால மன்னிச்சுட்டேன்.

ரசிகர்கள் கேட்டா ஸ்டுடியோ காது கொடுக்குமா? (புதுச்சேரி வாசகர்)

கொடுக்கும், ஆனா எப்படிங்கிறது தான் விஷயம். ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸுக்கு ஜான் கிரசின்ஸ்கி வேணும்னு வருஷக்கணக்கா கத்தினாங்க, 2022 டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்துல கூட்டிட்டு வந்தாங்க, தியேட்டர்ல விசில், விசில் சத்தம் அடங்குறதுக்குள்ள படத்தோட வில்லி வாண்டா அவரை இடியாப்பமா பிழிஞ்சுட்டா. 2025 ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல ரீடா வந்தது பெட்ரோ பாஸ்கல். கேட்டதையும் கொடுத்து, கணக்கையும் முடிச்சுட்டாங்க பாருங்க.

நல்லபடியா நடந்ததும் உண்டு. 2002ல 'த அல்டிமேட்ஸ்' காமிக்ஸ்ல உளவுத்துறை தலைவர் நிக் ஃபியூரியை நடிகர் சாமுவேல் ஜாக்சன் முகத்துலயே வரைஞ்சாங்க, 2008 'அயர்ன் மேன்' முடிஞ்சு பேரெல்லாம் ஓடினப்புறம் இருட்டுல இருந்து வந்து நின்னது அதே முகம். ஃபேன் காஸ்டிங்னா (ரசிகனே ஆள் பிடிக்கிறதுன்னா) அது.

எக்ஸ்-மென் வில்லன் மேக்னீட்டோவுக்கு யாரு? (நாகர்கோவில் வாசகர்)

இதுல முகம் பிரச்னையே இல்ல, கணக்கு தான் பிரச்னை. மேக்னீட்டோ நாஜி முகாம்ல இருந்து தப்பிச்ச யூதப் பையன், அந்த ஆளோட கோவம் மொத்தமும் அங்கிருந்து தான் வருது. 1944ல அவனுக்கு பத்து வயசுன்னு வைங்க, இன்னைக்கு தொண்ணூறைத் தாண்டிருச்சு. கதையை இன்னைக்கு வைக்கிறதா, அந்தப் பழசை விடுறதா? 2011ல 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்' கதையை 1962ல கொண்டு வச்சு தப்பிச்சுக்கிட்டாங்க. என்னைக் கேட்டா அதே வழி தான், இல்லன்னா உலோகத்தை ஆட்டிப்படைக்கிறவனுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும்னு ஒரு வரி வசனம் போட்டு முடிங்க, காமிக்ஸ் ஆளுங்களுக்கு இதெல்லாம் புதுசா? அந்த முகாமை மட்டும் தூக்கிடாதீங்க, தூக்கினா ஹெல்மெட் மாட்டின ஒரு கோவக்காரத் தாத்தா தான் மிஞ்சுவாரு.

நம்ம ஆளுங்க யாரையாவது போட மாட்டாங்களா? (விருதுநகர் வாசகர்)

2019ல போட்டாங்களே, குரலுக்கு. 'எண்ட்கேம்' தமிழ் டப்பிங்ல அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. என்ன ஆச்சு? அத்தனை படம் பழைய டப்பிங் குரல்லயே டோனி ஸ்டார்க்கை (அயர்ன் மேனோட நிஜப் பேர்) கேட்டுப் பழகின பசங்க "எங்க டோனியைத் திருப்பிக் கொடு"ன்னு குதிச்சாங்க. கீட்டனுக்கு லெட்டர் போட்டவனுக்கும் நம்மாளுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க. நானும் குதிச்சவன் தான்.

முகமூடியைக் கழட்டவே கழட்டாத வில்லன் டாக்டர் டூமுக்கு எதுக்கு சார் அயர்ன் மேனா நடிச்ச ராபர்ட் டவுனி ஜூனியர்? (வேலூர் வாசகர்)

போஸ்டருக்கு.